ஒரு மணித்தியாலம் முந்தி

அருமைராசா: …அதில்லை மலர், பிழை எண்டால் பிழைதான். நேற்று ரேடியோவிலை அக்னெஸ் அம்மாவின்ரை மரண அறிவித்தல் போய்க்கொண்டிருக்குது. "கண்ணீருடன் அறியத் தருகிறோம்" எண்ட இடத்திலை நீர் வந்து, "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், பல்லாண்டு வாழ்க" எண்டு…

செல்வமலர்: சிரிக்காதேங்கோ அண்ணை.

அருமைராசா: நான் சிரிக்கேல்லை! முதலாளியும் சிரிக்கேல்லை! அந்தக் குடும்பம் சிரிக்கவே இல்லை!

செல்வமலர்: நேற்றே அந்த வீட்டுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டிட்டன். மூத்த மகள் அரை மணித்தியாலம் கதைச்சவ. கடைசியிலை, தன்ரை பெட்டைக்கு வாற கிழமை பிறந்தநாளாம், அதையும் வாசிக்கச் சொல்லிப்போட்டுத்தான் வச்சவ.

அருமைராசா: உம்மடை வாய் இருக்கே…

செல்வமலர்: அந்த வாயாலைதானே அண்ணை எங்கடை ரேடியோ ஓடுது.

அருமைராசா: அது சரி, ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஏன் அஞ்சுக்கு வந்தனீர்? ஈஸ்ட்ஹாமிலை இருக்கிற மனிசிக்கு லண்டன் நேரம் தெரியாதோ எண்டு முதலாளி கேக்கிறார். புது அறிவிப்பாளர் பட்டியல் இண்டைக்குப் போகுது. பிரித்தானியாவுக்கு வெளியிலை இருந்து ஆர் செய்தாலும் பேரை வெட்டச் சொல்லிப்போட்டார். நான் மனேஜர், பதில் சொல்ல வேணும்.

பிரசாந்: மலர், நான் டவுன்டவுனுக்கு வெளிக்கிடுறன். என்ரை மெட்ரோ கார்டைக் கண்டனீரோ?

செல்வமலர்: அண்ணை, ஒரு நிமிசம், அடுப்பிலை பால்… பிரசாந், மெல்லக் கதையுங்கோ! மைக்கை மூடிட்டன். லண்டனிலை இருந்து அருமைராசா அண்ணை. நாங்கள் மொன்றியலுக்கு வந்து நாலு மாசம் எண்டு அந்தாளுக்குத் தெரியாது.

பிரசாந்: இன்னும் சொல்லேல்லையோ?

செல்வமலர்: சொன்னால் என்ரை நிகழ்ச்சி போச்சு. நேற்று ஏன் முந்தி வந்தனீர் எண்டு குடையிறார். எனக்கே விளங்கேல்லை. எப்பவும் போலை இஞ்சை ஒரு மணிக்குத்தானே இருந்தனான்?

பிரசாந்: ஐயோ மலர், ஞாயிற்றுக்கிழமை இஞ்சை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினதெல்லே. லண்டன்காரர் மாசக் கடைசியிலைதான் தள்ளுவினம். அதுவரைக்கும் அங்கத்தை ஆறு, இஞ்சை ரெண்டு. கனடாவிலை இருக்கிற ஆக்கள்தான் இந்தப் பிழை விடுவினம்.

செல்வமலர்: இதை நேற்றுச் சொல்லக் கூடாதோ!

பிரசாந்: என்னை ஆர் கேட்டது? பேந்து வாறன்.

செல்வமலர்: …ஓம் அண்ணை, சொல்லுங்கோ.

அருமைராசா: பால் பொங்கிட்டுதோ?

செல்வமலர்: பொங்கப் பாத்தது, இறக்கிட்டன். அண்ணை, ஒண்டு கேக்கிறன். போன வைகாசியிலை மத்திய அலையை நிப்பாட்டினியள். ஆவணியிலை சட்டலைட்டும் போச்சு. ஐப்பசியிலை ஹரோ ஸ்டூடியோவைப் பூட்டிப்போட்டு, எல்லாரும் வீட்டிலை இருந்து செய்யுங்கோ எண்டியள். ஒரு வருசத்துக்குள்ளை ரேடியோப் பெட்டிக்கே வேலை இல்லை, போனிலை ஆப் மட்டும்தான். அந்த வயசுபோன நேயருக்கெல்லாம் ஒவ்வொருத்தராப் போன் அடிச்சு, "இதை அமத்துங்கோ அம்மா, இப்ப மற்றதை அமத்துங்கோ" எண்டு ஆப்பைப் போடப் பழக்கினது ஆர்?

அருமைராசா: நீர்தான்.

செல்வமலர்: எத்தினை பேர்?

அருமைராசா: இருநூறுக்கு மேலை… தெரியும் பிள்ளை.

செல்வமலர்: அப்ப என்ரை பேரை ஒருத்தரும் வெட்டேலாது.

அருமைராசா: நான் வெட்டுறன் எண்டு சொன்னனானோ? ஏன் அஞ்சு மணிக்கு எண்டதுக்கு மட்டும்…

செல்வமலர்: அதுக்குத்தான் வாறன். என்ரை மைக்கிலை நான் தொண்டை கிழியக் கத்தினாலும், உங்கடை பக்கத்திலை நீங்கள் திறந்துவிடாமல் ஒரு சொல்லும் வெளியிலை போகாது. சரியோ?

அருமைராசா: …ஓம்.

செல்வமலர்: நேற்று "மலர், ஆறு மணியாச்சு, விடட்டோ" எண்டு கேட்டு விட்டது ஆர்?

அருமைராசா: என்ன, வடிவாக் கேக்கேல்லை. லைன் கொஞ்சம்…

செல்வமலர்: லைனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்று லண்டனிலை அப்ப அஞ்சு மணி. உங்கடை மணிக்கூடு மட்டும் எப்பிடி ஆறு எண்டு காட்டினது?

அருமைராசா: நான் மணிக்கூட்டைப் பாக்கேல்லை.

செல்வமலர்: நீங்களோ? முப்பது வருசமாச் செக்கன் பாத்துச் செய்தி விடுற ஆள்!

அருமைராசா: மலர்… விடும்.

செல்வமலர்: விடேலாது அண்ணை. பொய்யோடை இருந்து எனக்கும் அலுத்துப்போச்சு. நான் மொன்றியலிலை இருக்கிறன். என்ரை மனிசனுக்கு இஞ்சை வேலை கிடைச்சது, வில்லரேயிலை ரெண்டாம் மாடி வீடு. வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. ஆனா, நீங்கள் எங்கை நிண்டு கதைக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டு வெட்டுங்கோ.

அருமைராசா: நானும் கனடாவிலைதான் பிள்ளை, ஸ்கார்பரோவிலை. மகன்ரை பேஸ்மென்டிலை, பொங்கலுக்கு முதலே வந்திட்டன். பட்டியல் காலமையே போயிட்டுது, உம்மடை பேருக்கு நேரை ஈஸ்ட்ஹாம், என்ரை பேருக்கு நேரை ஹரோ எண்டு போட்டிருக்கிறன். இண்டைக்கு ரெண்டு மணிக்கு வாரும், நானும் ரெண்டுக்குத்தான் வருவன்.