கோடாலித் தடியும் முதல் வெட்டும்

உங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்துக்கு நல்ல நிழல் ஐயா. நல்லம்பள்ளிப் பக்கமிருந்து நடந்தே வந்தேன்; வெயில் மண்டையைப் பிளந்துவிட்டது. பானைத் தண்ணீர் ஒரு சொம்பு குடித்த பிறகுதான் உயிர் வந்தது. யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஏட்டையா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், நானும் சிரித்த முகக்காரன்தான்.

வத்தல்மலை அடிவாரத்தில் பட்டறை போட்டிருக்கும் மாதையன் ஆசாரி நான். மலைமேல் சாமையும் ராகியும் விதைக்கிற ஜனங்களுக்கு ஏர்க்கொழு, களைக்கொத்து, அரிவாள் எல்லாம் நான் அடித்துக் கொடுத்ததுதான். கோடாலி என்றால் கேட்கவே வேண்டாம். மலைக்காரனுக்குக் கோடாலி இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடாது. விறகு, வேலி, ஆட்டுக்குத் தழை, எதிரே கரடி வந்தால் ஒரு தைரியம், எல்லாம் அதுதான்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் ஓர் உத்தரவு வந்தது. ரிசர்வ் காட்டுக்குள் எவனும் கோடாலி கொண்டுபோகக் கூடாதாம். மலைக்குப் போகிற பாதையே ரிசர்வ் வழியாகத்தான் போகிறது. அடிவாரத்தில் கேட் போட்டு, ஒரு பாரஸ்ட் கார்டை நிறுத்தி, போகிறவன் வருகிறவன் கோடாலியை எல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். என் கையால் செய்த கோடாலிகள் ரேஞ்சர் ஆபீஸ் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் சாப்பிடவில்லை.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. இடுப்பளவு உயரத்துக்கு உசிலைக் கம்பு. அடியில் ஒரு இரும்புப் பூண். மேலே கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கோடாலி. தருமபுரியில் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் பக்ருதீன் பாய் எனக்கு ரொம்ப நாள் சிநேகம். அவர் அந்தக் கோடாலிக்கு மெத்தென்று ஒரு தோல் உறை தைத்து, பித்தான் வைத்துக் கொடுத்தார். உறையை மாட்டிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் தடித்த கைப்பிடி, அவ்வளவுதான். பித்தானைக் கழற்றினால் காட்டுமரம் பதில் சொல்லும். என் வாழ்நாளில் அதைவிட அழகான சாமான் நான் செய்ததில்லை. அந்தத் தடிகள்மேல் வைத்த பிரியத்தை என் பெண்டாட்டி தீர்த்தம்மாள் மேல்கூட வைத்ததில்லை. அவளே அப்படித்தான் சொல்வாள்.

ஒவ்வொரு தடிக்கும் முறைப்படி முதல் வெட்டு வைத்துத்தான் கொடுத்தேன். அது எங்கள் பக்கத்து வழக்கம் ஐயா. இரும்பு புதிதானாலும் சரி, சாணை பிடித்துத் திரும்பினாலும் சரி, செய்தவன்தான் முதலில் வெட்ட வேண்டும். வாங்குகிறவன் கட்டையைத் தன் வெறுங்காலால் அழுத்திப் பிடித்துக்கொள்வான். வெட்டு விழும்போது காலை இழுக்கக் கூடாது. இழுத்தால் அந்த இரும்பு அவனுக்கு ஒட்டாது என்பார்கள். செய்தவன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

தடி தயார். ஆனால் கல்லுமாதிரி இருக்கிற ஜனம் எல்லாம் திடீரென்று தடி ஊன்றிக்கொண்டு வந்தால் எந்தக் கார்டு நம்புவான்? அதனால் நொண்டச் சொல்லிக் கொடுத்தேன். பட்டறை வாசலில்தான் பாடம். எல்லோரும் ஒரே மாதிரி நொண்டினால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கொரு நொண்டல் பிரித்துக் கொடுத்தேன். மல்லையனுக்கு இடுப்புப் பிடிப்பு. சின்னக்காவுக்கு முழங்கால் வாதம். அவள் அடிக்கு ஒரு தரம் “அய்யோ ஆத்தா” என்று சேர்த்துக்கொண்டாள், அது நான் சொல்லிக் கொடுக்காதது. கேட்டைத் தாண்டிப் பாதை திரும்பும் வரை நொண்டுவார்கள், திரும்பியதும் ஒரே ஓட்டம். வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள் அவை.

குள்ளன் என்று ஒரு பையன், அவன் ஒருவனுக்குத்தான் நொண்டல் வரவேயில்லை. இளவட்டம், அந்தத் தையில்தான் கருப்பியைக் கட்டியிருந்தான். சந்தைக்குப் போகும்போது இடது காலை நொண்டுவான், திரும்பும்போது வலது காலை. கேட்டால், “எறங்கற காலு வேற, ஏறுற காலு வேறங்க ஆசாரி” என்பான். ஊரே அவனைக் கேலி செய்யும். எனக்கும் அவன்மேல் பிரியம்தான்.

கேட்டில் இருந்த கார்டு தீர்த்தகிரி சேலத்துக்காரர். மீசை பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. ஒரு மலையே நொண்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து அவருக்கு ஆறவில்லை. கேட்டருகே உட்கார ஒரு பலகைக்கல் போட்டார். வேப்பெண்ணெய்க் கிண்ணம் ஒன்று வைத்து, “சுட வெச்சுத் தேய்ங்க, கூச்சப்படாதீங்க” என்பார். மேலே தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று அவரே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் பட்டறைக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“ஆசாரி, தருமபுரியிலருந்து டாக்டர் வர்றாரு. நாளைக் கழிச்சு. ஒருத்தர் விடாம காலைப் பாக்கறேன்னிருக்காரு. சனங்களை எல்லாம் தடியோட வரச் சொல்லிருங்க.”

டாக்டர் காலைத் தொட்டால் விஷயம் அம்பலம். கால் நன்றாக இருக்கிறதென்றால் தடி எதற்கு என்று கேட்பார்கள், தடியைப் பார்த்தால் பித்தான், பித்தானைக் கழற்றினால் கேஸ். மறுநாள் காலை ஊர் ஜனம் என் பட்டறையில் கூடியது. அன்றைக்கு மட்டும் மலையை விட்டு இறங்காமல் இருந்துவிடலாம் என்றான் மல்லையன். டாக்டர் மேலேயே ஏறி வந்தால் என்ன செய்வது என்றாள் சின்னக்கா. அப்போதுதான் குள்ளன் வாயைத் திறந்தான்.

“நாமளே போய்ச் சொல்லிப்புடலாங்க. தடியெல்லாம் கார்டு ஐயா முன்னால வெச்சு, தப்புதான் சாமின்னு ஒரு கும்பிடு. நல்ல மனுசன், வுட்டுருவாரு. நடிச்சு நடிச்சு எனக்கு எது நெசக் காலுன்னே மறந்துபோச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பார்த்தால், எல்லோருக்கும் அது சரியென்றே பட்டிருந்தது. குள்ளன் முதலில் போய்ப் பேசுவது, பிறகு மற்றவர்கள் தடியோடு வருவது என்று முடிவாயிற்று. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் தடிகள் அந்தக் கொட்டகை மூலையில் குவியலாகக் கிடப்பது கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. வயிறு எரிந்தது ஐயா. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

நிதானமாகத்தான் யோசித்தேன். ஊருக்கு எது நல்லது என்று பார்த்தேன். டாக்டர் என்றால் அடிபட்ட காலைத்தான் முதலில் பார்ப்பார். நிஜமாகவே கெட்டுப்போன கால் ஒன்று அவர் முன்னால் இருந்தால், மற்றக் கால்களைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரு மலைக்கு ஒரு கால் போதும். யாருடையது என்று அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் நொண்டல் நன்றாக வந்தது.

ஜனம் கலைந்த பிறகு குள்ளனைக் கூப்பிட்டேன். “மழுங்கின இரும்பைக் கொண்டுபோய் கார்டு முன்னால வெச்சா என் மானம் போயிரும்டா. சாணை புடிச்சுத் தர்றேன், இரு” என்றேன். உட்கார்ந்தான். கருப்பி கம்பஞ்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தான். சாணை பிடித்து முடித்து, முதல் வெட்டுக்குக் கட்டையை எடுத்துப் போட்டேன். அவன் வலது காலால் அழுத்திக்கொண்டான்.

“ஓங்கிப் போடுங்க ஆசாரி. கேட்டு வரைக்கும் கேக்கணும்.”

பாதத்தின் மேல், விரல்கள் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே. அங்கே வெட்டுப்பட்டால் ஆள் நடக்கலாம், பிழைப்பு கெடாது, ஆனால் நொண்டாமல் இருக்க முடியாது. அவன் காலை இழுக்கவில்லை. அந்த விஷயத்தில் அவன் வழக்கம் தவறாதவன்.

அதற்குப் பிறகு எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. மறுநாள் டாக்டர் வந்தார், குள்ளன் காலைப் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. கட்டுப் போட்டு, தீர்த்தகிரி பிடித்து வந்த வண்டியிலேயே தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தடிகள் தப்பின. ஊர் தப்பியது. ஒரு மாதத்தில் குள்ளன் தடி ஊன்றி வருவான், இந்தத் தடவை போகும் காலும் வரும் காலும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவனுக்கு ஜன்னி கண்டது. தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. பேச்சு நிற்கும்வரை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான் பேசினான். “ஆசாரியை ஒண்ணும் சொல்லாதீங்க. கை தவறிப்போச்சு, அவரு என்ன பண்ணுவாரு.” அதைச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தீர்த்தகிரி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். “தடிக்கு எவனாச்சும் சட்டை போட்டுப் பித்தான் மாட்டுவானா ஆசாரி? எனக்கு மொத நாளே தெரியும். டாக்டர் என் மச்சான்தான். மலைத்தண்ணிக் கோளாறு, தடி இல்லாம இந்தச் சனம் நடக்க முடியாதுன்னு ரேஞ்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெக்கத்தான் வரச் சொன்னேன். இப்படியா ஆகணும்?” என்றார். இதை அவர் முன்னாலேயே என் காதில் போட்டிருக்கலாம். நல்ல மனுஷன், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்ததில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நீங்களும் அப்போது வந்து விசாரித்தீர்கள். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யாருக்கும் என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் ஐயா கஷ்டம். ஊரே என்னிடம் அன்பைக் கொட்டியது. சின்னக்கா கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்து, “கை தவறினதுக்கு மனசு ஒடிஞ்சு போவாதீங்க” என்றாள். பக்ருதீன் பாய் அத்தனை தூரம் வந்து தோளைத் தொட்டு அதையே சொன்னார். கருப்பி வந்தாள். பிறந்த வீட்டுக்குப் போகிறவள், மூட்டையோடு வாசலில் நின்று, “உங்க மேல எனக்கு வருத்தம் இல்லீங்க. கைதானே, தவறும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளை உட்காரவைத்து விளக்க வேண்டும்போல இருந்தது.

போன வாரம் மல்லையன் புதுக் கோடாலி வாங்கினான். கட்டையை எடுத்துப் போட்டேன். அவன் காலை வைக்கவில்லை. “முதல் வெட்டைக் காரிமங்கலத்து ஆசாரிகிட்ட வெச்சுக்கறங்க. தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு வயசாவுது பாருங்க” என்றான். காரிமங்கலத்து ஆசாரியாம், ஐயா. அவன் அடித்த அரிவாள் கீரைத்தண்டில் மாட்டிக்கொள்ளும். அவன் வெட்டுகிற வெட்டுக்கு என் ஜனம் காலைக் கொடுக்கப் போகிறது. அன்றிலிருந்து ஒருவரும் என் பட்டறையில் கால் வைத்துக் கட்டை பிடிக்கவில்லை.

அதற்காகத்தான் வந்தேன். இதோ கையை நீட்டுகிறேன், நடுங்குகிறதா பாருங்கள். விபத்து என்று எழுதியதை அடித்துவிட்டு, மாதையன் ஆசாரி எந்த இடத்தில் குறி வைத்தானோ அந்த இடத்தில்தான் வெட்டு விழுந்தது, ஒரு நெல் அளவுகூட விலகவில்லை என்று எழுதுங்கள். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. கருப்பிக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். புருஷன் ஒரு கைத்தவறலில் போய்விடவில்லை என்று தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கும் ஆறுதலாக இருக்கும்.