எட்டுப் போர்வைக்குப் பஞ்சு

— இங்க இருக்கறது யாரு? நான், என் மருமக, தையக்காரரு நீங்க. மூணே பேரு. பேசினது இந்தக் கதவத் தாண்டக் கூடாது.

— நம்ம வாயி ஊசிக் காது மாதிரி பெரியம்மா. நூலத் தவிர ஒண்ணும் நுழையாது.

— கதவு கிடக்கட்டும் அத்தை. மாமா நினைவா போர்வை கொடுக்கறதாச் சொன்ன விடுதியில இருபத்திரண்டு பிள்ளைங்க. வாங்கின பஞ்சுச் சுருள் பதினாலு போர்வைக்குத்தான் வந்துச்சு. மேல்துணியெல்லாம் தயார். உள்ள வைக்கப் பஞ்சு இல்ல, இன்னொரு சுருள் வாங்க வழியும் இல்ல.

— பதினாலு கொடுப்போம். மிச்சம் அடுத்த வருஷம்.

— அதுவரைக்கும் எட்டுப் பிள்ளைங்க பக்கத்துக் கட்டிலப் பாத்தே குளிர் காயுமா?

— ஏட்டிக்குப் போட்டி பேசாத. வழி இருந்தா சொல்லு.

— வெட்டி மிஞ்சின பஞ்சுத் துண்டுங்க மூட்டையா கிடக்கு. சேத்துத் தெச்சா ரெண்டு போர்வை தேறும். மத்த ஆறுக்கும் பஞ்சுக்குப் பதிலா பழைய கம்பளி வெச்சிரலாம். அக்கம்பக்கத்துல கேட்டா கொடுப்பாங்க.

— நேத்து ரெண்டு துண்ட ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித் தெச்சேன் பெரியம்மா. நடுவுல வரப்பு மாதிரி மேடு தட்டுது.

— ஏத்தாதீங்க அண்ணே. ஓரத்தோட ஓரம் முட்ட வெச்சு வளைச்சு வளைச்சு ஜிக்ஜாக் தையல் போடுங்க. தடவினாலும் தெரியாது.

— தடவுறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. ஒவ்வொரு மூலையிலயும் போய்ச் சேந்த உன் மாமா பேரத் தெக்கிறோம். அதுக்கு அடியில அடுத்த வீட்டுக் கம்பளியா? இரந்து வாங்கி தானம் பண்ற குடும்பமா இது?

— அப்ப பேர எடுத்துருவோமா? ஏன் அத்தை, எந்திரிச்சு எங்க போறீங்க?

— பீரோவத் திறக்க. பழசுதான் வைக்கணும்னா நம்ம வீட்டுப் பழசு. இந்தா, இது உன் மாமா போத்தினது. விருந்தாளிக்குன்னு வெச்ச நாலும் அடியில இருக்கு. இது என்னோடது.

— இத எடுத்துட்டா நீங்க எதப் போத்துவீங்க?

— கேள்வி கேக்காத. கத்திரிய எடு.

— கத்திரிக்கு முன்னால வெந்நீரு அத்தை. கம்பளி சுருங்கறது இப்பவே சுருங்கிரணும். தெச்சப்புறம் சுருங்கினா போர்வையே கோணிக்கும்.

— சுருங்கட்டும். பேரு சுருங்காம இருந்தா சரி.

*

— இருபத்திரண்டையும் விடுதியில இறக்கிட்டேன் பெரியம்மா. பிள்ளைங்க பகல்லயே போத்திக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குதுங்க. ஆனா தெருவுல ஒரு பேச்சு. சத்தியமா நம்ம வாயில இருந்து போகல.

— என்ன பேச்சு?

— போன வாரம் தங்க வந்த உங்க சம்பந்தியம்மாவுக்குப் போத்திக்க மேசை விரிப்பக் கொடுத்தீங்களாமே. வீடு நொடிச்சுப் போச்சு, இருந்த கம்பளியெல்லாம் வித்துத் தின்னுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க.

— எங்கம்மா வாயி அப்படித்தான் அத்தை. நான் போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

— எதுக்குச் சமாளிக்கணும்? தையக்காரரே, போற வழியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டே போங்க. கம்பளிய விக்கல. உள்ள வெச்சுத் தெச்சோம்.