நடுவில் ஒரு கிளி

— நேத்து படத்துல எல்லாரும் அழுவுற எடத்துல நீ ஏன்டி சிரிச்ச? தர டிக்கெட்டு மொத்தமும் நம்மளத் திரும்பிப் பாத்துச்சு.

— சிரிப்பு வந்துச்சு அண்ணி, சிரிச்சேன்.

— ராசாவும் ராணியும் நேருக்கு நேரா பேசுனா ராசா தல வெடிச்சுப்போவும்னு முனிவரு சாபம் குடுத்துட்டாரு. ஒரே அரமணையில இருந்துகிட்டு ஒண்ணுக்கொண்ணு கிளிகிட்ட சொல்லியனுப்புதுங்க. கொட்டாயே மூக்கச் சிந்துது. உனக்குச் சிரிப்பா வருது, சிந்தாமணி?

— கிளி பறந்து போயி, "ராசாவுக்குப் பசிக்குதாம்"னு ராணிகிட்ட சொல்லிச்சே, அப்ப ஒங்க மொகந்தான் தெரிஞ்சுது. நம்ம வூட்டுக்கு எந்த முனிவரு வந்து சாபம் குடுத்தாரு?

— அக்கா! குளிக்கத் தண்ணி வெளாவிட்டாளான்னு கேளு.

— ஏன்டி, தண்ணி வெளாவிட்டியாங்கிறான்.

— எனக்கும் காது இருக்கு. தட்டிக்கு அந்தாண்டதான நிக்கிறாரு. வெளாவியாச்சுன்னு சொல்லுங்க.

— வெளாவிட்டாளாம்டா வீரமுத்து! இதுல என்னடி இருக்கு? பகல்ல நாலு பேரு முன்னால கட்டுனவகிட்ட வாயக் குடுக்குறது எங்க வூட்டுப் பழக்கமில்ல. எங்கம்மா, அப்பாகிட்ட சொல்ல வேண்டியத கன்னுக்குட்டிகிட்டத்தான் சொல்லும். "கன்னே, வூட்டுல உப்பு இல்ல"ன்னும். அப்பா எந்திரிச்சுப் போயி உப்பு வாங்கியாருவாரு. அப்புடியே அஞ்சு புள்ள பெத்தாங்க.

— கன்னுக்குட்டியாச்சும் பொழுது சாஞ்சா ஆத்தாகிட்ட போயிருக்கும். நீங்க எங்கயும் போவலையே அண்ணி.

— எங்க போவச் சொல்ற? என்னக் கட்டுன வாலிகண்டபுரத்தான் இன்னொருத்தியக் கூட்டியாந்த அன்னிக்கு, தம்பிதான் வந்து என்ன பஸ் ஏத்திக் கூட்டியாந்தான். ஒம்போது வருசமாச்சு. அத வுடு. அந்த டிரங்குப் பொட்டிய எதுக்கு எறக்கி வெச்சிருக்க?

— ஒம்பதே கால் பஸ்ஸுக்குப் போறேன். பெரம்பலூர்ல எறங்கி, பூலாம்பாடி.

— அம்மா வூட்டுக்கா? எப்ப வருவ?

— வரல.

— அடி பாவி!

— நேத்து கொட்டாயில மண்ணுல உக்காந்துகிட்டே முடிவு பண்ணிட்டேன். முன்னெல்லாம் பகல்ல நீங்க நடுவுல இருந்தாலும், வெளக்கணைச்ச பொறவு நாலு வார்த்த நேரா பேசுவாரு. பருத்தி என்ன வெல, எந்த மாடு தீனி எடுக்கலன்னு எதையாச்சும். இருட்டுல அந்தக் குரலு எனக்கு மட்டும்னு வரும். புயலடிச்ச கார்த்திகையில எங்கப்பா செத்தாரு. அதுலேருந்து அதுவும் இல்ல. பதிமூணு மாசம் அண்ணி.

— நீயுந்தான் பேசல.

— ஒரே மருமவன். கடைசியா மூடுற கோடித்துணி அவரு கையால போடணும். எங்க சனமெல்லாம் ரோட்டப் பாத்துகிட்டு, பாடையத் தூக்காம நின்னுச்சு. ஏன் வரலன்னு ஒரு வார்த்த, தப்புதான்னு ஒரு வார்த்த வந்தாப் போதும்னு இருந்தேன். வரல. செல நேரம் நானே மனசுக்குள்ள அவரு குரல்ல சொல்லிப் பாத்துக்குவேன். இப்ப அந்தக் குரலும் மறந்துபோச்சு. "அக்கா"ன்னு கூப்புடுற குரலுதான் காதுல நிக்கிது.

— அக்கா! சோப்பு எங்கன்னு கேளு.

— மாடத்துல. நீங்களே சொல்லுங்க.

— மாடத்துலடா!

— ஏன் அண்ணி எங் கையப் புடிச்சு இழுக்குறீங்க?

— மெதுவாப் பேசு. தண்ணி ஊத்துறான், அவனுக்குக் கேக்காது. சிந்தா, அந்த வார்த்த வந்துச்சுடி.

— எந்த வார்த்த?

— காரியம் முடிஞ்சு நீ வந்த மறுநா, என்னக் கெணத்தடிக்குக் கூப்புட்டான். "கோடித்துணி வாங்கிகிட்டுத்தான் கெளம்புனேங்கா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். தீவாளிக்குத்தான் மாமனாரு சட்டையப் புடிச்சேன், அந்த மொகத்த எப்புடிப் பாக்குறதுன்னு திரும்பிட்டேன். தப்புதான், அவகிட்ட சொல்லு"ன்னான். அழுதான்டி. எங்கம்மா சாவுக்குக்கூட அழாதவன்.

— நீங்க சொல்லல.

— சொல்லத்தான் அடுப்படிக்கு வந்தேன். நீ திரும்பிப் பாத்து, "என்னவாம்?"ன்ன. சோறு கேக்குறான்னு சொல்லிட்டேன்.

— ஏன்?

— நீங்க ரெண்டு பேரும் பேசிகிட்டா என்ன யாரு கூப்புடுவா? ஆக்குறது நீ, மொழுவுறது நீ. இந்த வூட்டுல எனக்கு வேற என்ன வேல இருக்கு?

— அவ என்ன சொன்னான்னு அவரு கேக்கலையா?

— கேட்டான். அவ ஒண்ணும் சொல்லலடான்னேன். அது பொய்யில்லையே.

— அண்ணி...

— ரெண்டு அற வேணா அறஞ்சுக்க. போவாத. நீ போயிட்டா அவன் சொல்றத நான் யாருகிட்ட கொண்டுபோயிச் சொல்லுவேன்?

— சாபம் தீந்ததும் கிளி என்னாச்சு, பாத்தீங்களா?

— இல்லையே.

— காட்டவேயில்ல. ராணி வாயத் தொறந்து "மன்னா"ன்னா. ராசா ஓடியாந்தான். ஒடனே பாட்டு. கிளிய யாருமே தேடல.

— அந்தப் பயந்தான்டி எனக்கு.

— நான் தேடுவேன். நாங்க பேசிகிட்டாலும் நீங்க இங்கதான் இருப்பீங்க. அழாதீங்க. பொட்டி அப்புடியே கெடக்கட்டும். தலயத் தொவட்டிகிட்டு வராரு பாருங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, நடுவுல நிக்காதீங்க.

— பகல்லயா பேசப்போற?

— பகல்லதான் அண்ணி. இருங்க... என்னங்க. நீங்க பெரம்பலூர் வரைக்கும் வந்தது எனக்கு இப்பத்தான் தெரியும். எனக்குக் கோவம் போயிருச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசுங்க. நான் எங்கயும் போவல.

— டேய், ஒன்னத்தான்டா.

— என்னங்க. ஒரே ஒரு வார்த்த.

— அக்கா, அவ என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு.