வீரம்மா பேருல ஒரு ஆப்பரேசன்

…நா கேக்குறேங்கக்கா, வெளிநாட்டுக்காரங்கன்னா கவர்மெண்டு ஆஸ்பத்திரியில காசு வாங்கணுமா வேணாமா? அந்த வெள்ளக்காரனப் பாருங்க! கேமரன் மலையில வழுக்கி விழுந்தானாம், கால நீட்டிக்கிட்டு நமக்கு முன்னாலயே உள்ள போறான். நாம காலையில ஏழு மணிலேருந்து பெஞ்சத் தேச்சிக்கிட்டு இருக்கோம். நம்மளாட்டம் ஒரு வெள்ளிக் காசக் குடுத்துட்டு நம்ம மருந்தையெல்லாம்… என்னது? முழுக் காசும் கட்டிட்டானா? நீங்க பாத்தீங்களா? சரி விடுங்க, அவன் மனுசன் லா. நா சொல்றது ஊர்லேருந்து வர்ற நம்ம ஆளுங்கள.

எம்பேரு வீரம்மா, கோப்பெங் பக்கம் தோட்டம். அய்யோ… ஒண்ணுமில்லக்கா, இங்கதான், வலப்பக்க அடிவயிறு. மூணு நாளா குத்துது. அப்பண்டிஸ்தான்னு தோட்டத்துல மருந்து குடுக்குற டிரஸரே சொல்லிட்டாரு. ஆனா இங்க ஒரு சின்ன டாக்டரு, மீச கூட சரியா மொளைக்கல, ஆஸ்பத்திரி கார்டத் தொறந்து பாத்துட்டுச் சிரிக்கிறாரு. “ஒங்களுக்குத்தான் ரெண்டு வருசத்துக்கு முந்தியே எடுத்தாச்சே, மறுபடி எப்படி மொளைக்கும்? இது காத்து”ங்கிறாரு. காத்தாம் காத்து! காத்துக்கு இப்படியா உயிர் போகும்?

கார்டுல எழுதியிருக்கு, நெசந்தான்… அது ஒரு பெரிய கத. எங்க நாத்தனா ராக்காயி, எம்புருசனோட தங்கச்சி, மூணு மாசம் சுத்திப் பாக்க இந்தியாவுலேருந்து கப்பல்ல வந்தா. நல்லா சாப்புடுவா, அது குத்தமில்ல. ஒரே ஒக்காருல அஞ்சு டுரியான்! நா எடுத்து வச்ச தீவாளிச் சேலைய அவதான் மொதல்ல கட்டுனா. இவரு “தங்கச்சி, தங்கச்சி”ன்னு பின்னாலயே திரியிறாரு. என்னைய ஒரு நாளாச்சும் சாப்புட்டியான்னு கேட்டிருப்பாரா?

ரெண்டாவது வாரமே வயித்தப் புடிச்சிக்கிட்டுத் தரையில உருளுறா. இங்க தூக்கியாந்தா, அப்பண்டிஸ், ஒடனே வெட்டணும், ஆனா வெளிநாட்டுக்காரங்க முன்பணம் கட்டணும்னு கவுண்டர்ல சொல்லிட்டாங்க. இவரு மாட்ட வித்துடலாமாங்கிறாரு. எங்கம்மா சீரா குடுத்த மாடுக்கா அது! அப்பத்தான் நா… கொஞ்சம் கிட்ட வாங்க… இடுப்புல சொருகியிருந்த என் ஐசிய, அதான் அடையாளக் கார்ட, எடுத்து அவ கையில திணிச்சேன். அந்த போட்டோவுல யாருக்குத்தான் மூஞ்சி தெரியுது? வீரம்மாவா உள்ள போனா, வீரம்மாவா படுத்தா, எந்திரிச்சி ஊருக்குப் போயிட்டா. ரெண்டு டசன் கோடாலித் தைலத்தோட! தழும்பு நல்லா ஆறிடுச்சுன்னு கடுதாசி வேற.

அதான் சொல்றேன், காசு வாங்கியே தீரணும்! அன்னைக்குக் கட்டித் தொலைச்சிருந்தா, என் வயித்துல இருக்கிறது என்னுதுன்னு இன்னைக்குச் சொல்லிக்கலாம்ல?

காத்து இல்லங்கய்யான்னு மல்லுக்கு நின்னேனா, அந்தச் சின்ன டாக்டரு, அப்ப வெட்டுன எடத்தக் காட்டுங்கங்கிறாரு. எதைக் காட்டுறது? எம்வயிறு மொழுமொழுன்னு இருக்கு. பாத்தா குட்டு வெளிப்பட்டுரும், போலீசக் கூப்புடுவாங்க. கக்கூஸுக்குப் போயிட்டு வாரேன்னு நழுவி வந்து ஒக்காந்துட்டேன். பயமா இருக்குக்கா. வலியவிட பயந்தான் கூட இருக்கு.

அக்கா… ஒங்களுக்கு அப்பண்டிஸ் எடுக்கலல்ல? நல்லதாப் போச்சு. ஒங்க ஐசிய ஒரே ஒரு வாரத்துக்கு… ஏன் எந்திரிச்சிட்டீங்க? ஒங்க நம்பர இன்னும் கூப்புடலயே! பைய விட்டுட்டுப் போறீங்க, அக்கா! எடுத்துக்கிட்டுப் போங்க, நா ஒண்ணும் புடுங்க மாட்டேன்!

அலாமாக்… நர்சு மிஸ்ஸி வருது. என் பேரத்தான் கூப்புடுது.

யாரு, வீரம்மாவா? அந்தம்மா ஊருக்குப் போயிருச்சு மிஸ்ஸி!