வவ்வால்காரன் வயிறு

இல்லண்ணே, நீங்க சொல்றது பழந்தின்னி. அது பெரிசு, மரத்துல தொங்கும். நம்மளுது பொடிசு, கட்டவிரல் அளவுதான். கொசு, பூச்சி, இதான் சாப்பாடு. சாயங்காலம் பழைய கட்டடத்து வாசல்ல வலை கட்டுவோம். விழுறத எடுத்து துணிப்பையில போட்டா, பயத்துலயே அதுக்கு வெளிக்கி வந்துரும். வவ்வால விட்டுட்டு அத மட்டும் லேபுக்கு எடுத்துட்டுப் போவோம்.

சிரிக்காதீங்க. இதுக்கும் இன்டர்வியூ வெச்சுத்தான் எடுத்தாங்க.

அதுங்க குடல்ல என்னென்ன பாக்டீரியா இருக்கு, அதுல மனுஷனுக்கு எது ஆகாது, அதப் பாக்கத்தான். முக்காவாசி சாதுதான். ஒண்ணு ரெண்டு வம்பு புடிச்சதும் இருக்கும். அதனால கையுறை, மாஸ்க், எல்லாம் உண்டு. அட, நகராதீங்கண்ணே, குளிச்சிட்டுத்தான் வரேன்.

என் பொண்டாட்டியும் இப்படித்தான் நகந்து நகந்து, கடசில அவ அம்மா வீட்டுக்கே போயிட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. பாப்பாவுக்கு அடிக்கடி வயித்தால போகும், காய்ச்சல் கொதிக்கும். ஆஸ்பத்திரில சேத்தப்ப கிருமி பேரச் சொன்னாங்க. நாங்க வவ்வால்ல தேடுற அதே பேரு. ஒண்ணு வவ்வால், இல்ல நாங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டா. அங்க போனதும் பாப்பா தேறிடுச்சு. அப்புறமென்ன, வவ்வால்தான்னு மாமியாரும் தீர்ப்பு சொல்லிட்டாங்க.

வேலைய விட்டுட்டேண்ணே. ஆமா, எழுதிக் குடுத்தாச்சு. இப்ப இந்த பஸ்ஸுல அவங்களக் கூட்டிட்டு வரத்தான் போறேன். துணிமணியெல்லாம் கட்டி வெச்சிட்டாளாம்.

ரிசல்ட்டா? நேத்து வந்துச்சு. ஒரு வவ்வால்கிட்டயும் அந்தக் கிருமி இல்ல. ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு எங்க ஆளுங்களுதும் டப்பால வாங்குவாங்க. வவ்வாலுதுன்னா எச்சம்னு மரியாதையாச் சொல்வாங்க, எங்களுதுக்கு அதுகூட கெடயாது. அதுல ஒரு டப்பால இருந்துச்சு. என்னுதுல.

எனக்கு ஒண்ணும் பண்ணாதாம். வாடக குடுக்காம குடியிருக்குமாம். கைவழியா அடுத்தவங்களுக்குப் போகுமாம். வேலையில வவ்வாலத் தொட்டா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். வீட்டுல பாத்ரூம் போயிட்டு வந்தா, நம்ம வீடுதானேன்னு தண்ணில ஒரு அலசு, அவ்வளவுதான். டாக்டர் மாத்திர குடுத்திருக்காரு. கிருமி போயிடுச்சுன்னு அவர் சொல்ற வரைக்கும் யாரு சாப்பாட்டுலயும் கை வெக்கக் கூடாது.

அவகிட்ட இன்னும் சொல்லலண்ணே. போன்ல எப்படிச் சொல்றது?

பாப்பாவுக்கு நான்தான் ஊட்டுவேன். மூணு வேளையும். அங்க பாட்டி கையால சாப்புடுது, ஆனா தெனம் போன்ல அப்பா ஊட்டு, அப்பா ஊட்டுன்னு ஒரே பாட்டு. நான் போய்ச் சேர சாப்பாட்டு நேரமாயிடும். மாமியார் சோத்தப் பெசஞ்சு, இந்தாங்க மாப்ள, நீங்களே ஊட்டுங்கன்னு கிண்ணத்த நீட்டுவாங்க. அது எம் முன்னாடி வந்து சம்மணம் போட்டு, வாயத் தெறந்துகிட்டு ஒக்காந்திருக்கும்.