தாலி கட்டுமிடத்தில் நின்றது

கதிர்காமம் போகிற டெம்போவில் எதிரே இருந்தவர் நண்பரிடம், “தாலி கட்ற எடத்துல நின்னுடுதுப்பா,” என்றார். எனக்குத் திக்கென்றது. கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ வெட்டுகிறவராம்; நின்றுவிடுவது சாப்ட்வேராம்.

“திங்கக்கிழம அந்தக் கல்யாணப் பொண்ணு வீசாவுக்கு வீடியோவ காட்டணும். மாப்ள பிரான்சுல.”

“பழைய சாப்ட்வேர தூக்கிட்டு புதுசு போடேன்,” என்றார் நண்பர்.

“போட்டேன். நம்ம கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இல்ல, லினக்ஸ். அதுல லேசுல ஏறுதா? இத குடுத்தா அத கேக்குது, அத குடுத்தா இன்னொண்ணு கேக்குது.”

“சம்மந்தி வூடு மாதிரி.”

“ஒருவழியா நேத்து ஏறிடுச்சு. பழசுல வெட்டினது எனக்குத் தெரியாதுங்குது. மொதல்லேந்து வெட்றேன்.”

அப்போது அவருக்குப் போன் வந்தது. “சொல்லும்மா... மாப்ள அழைப்பு வரைக்கும்தான் முடிஞ்சிருக்கு. நாளைக்கு தாலி கட்டிடலாம்.”

அப்போதுதான் ஏறி உட்கார்ந்த ஓர் அம்மாள், “நாளைக்கு அஷ்டமிப்பா,” என்றாள்.