சுண்டுவிரல் எலும்பு

மாலை ஆறே முக்கால். அகழாய்வுக் களத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. விளக்கு இல்லை, வீடு இல்லை... கிட்ட வந்து உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதையில்லை இது. என் தோழியின் அக்காவுக்கு நடந்தது.

அக்காவுக்கு அங்கே ஒப்பந்த வேலை. குழி தோண்டி, கிடைத்த எலும்பைப் பிரஷ்ஷால் துடைத்து, எண் போட்டுப் பெட்டியில் வைப்பாள். அன்றைக்குக் களத்தில் ஆதிமனிதர் திருவிழா. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தோல் மாதிரித் துணி சுற்றிய வேஷக்காரர்கள் கல்லைத் தட்டி நெருப்பு மூட்டினார்கள். குழந்தைகள் மணல் தொட்டியில் பிளாஸ்டர் எலும்பைத் தோண்டி எடுக்க வேண்டும். பிளாஸ்டர் எலும்பு வந்து சேரவில்லை.

“ஸ்டோர்ல அந்தக் குழந்தை எலும்பு இருக்குல்ல, அதைப் போடும்மா,” என்றார் அதிகாரி.

“சார், அது நிஜக் குழந்தை சார்.”

“மூவாயிரம் வருஷம் ஆச்சு. யார் வந்து கேக்கப் போறா? உனக்கு கான்ட்ராக்ட் நீட்டிக்கணுமா, வேணாமா?”

அக்கா போட்டாள். நாலு வயதுப் பிள்ளையின் மண்டையோட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரே செல்ஃபி எடுத்தது.

கூட்டம் கலைந்ததும் மணலைச் சலித்து எண்ணினாள். ஒன்று குறைந்தது. இடது கால் சுண்டுவிரல். மறுபடி சலித்தாள். சரக்... சரக்... இல்லை. பிள்ளையை முழுசாகப் பெட்டியில் சேர்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அதிகாரிக்குப் போன் போட்டாள்.

அவர் காரில் போய்க்கொண்டிருந்தார். அந்த மண் பாதையில்.

“நான்தாம்மா எடுத்தேன். சாவிக் கொத்துல மாட்டலாம்னு. இத்துனூண்டு, அழகா இருக்கு.”

“திரும்பி வாங்க சார். இப்பவே.”

“அடேங்கப்பா! அதிகாரி நீயா, நானா? இரு... ரோட்ல யாரோ பொம்பள கைய நீட்டுறா. நம்ம வேஷக்காரிதான், இன்னும் கலைக்கல.”

வேஷக்காரர்கள் எல்லாரையும் நாலரை மணி வேனில் ஏற்றி அனுப்பியதே அக்காதான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஏறும்மா, ஏறு.”

கதவு திறந்தது. மூடியது. போனில் மூச்சு... அவர் மூச்சில்லை. அக்காவைச் சுற்றிக் காய்ந்த மணல்தான். ஆனாலும் அப்போதுதான் தோண்டியது போல ஈரமண் வாடை அடித்தது.

காலையில் பெட்டியில் எலும்பு சரியாக இருந்தது, அந்தச் சுண்டுவிரலும் சேர்த்து.

கார் பாதி வழியில் நின்றது. நாலு கதவும் பூட்டியபடி. உள்ளே கூரை வரை மண். கண்ணாடியை உடைத்தார்கள். ஒரு பிடிகூட உதிரவில்லை. யாரோ கொட்டிய மண்ணா, தானாகப் படிந்த மண்ணா என்று அக்காவுக்குத் தெரியாதா? கருப்பு, சிவப்பு, சாம்பல் என்று அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. அப்படிப் படிய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்.

அதற்குள்ளிருந்து, ரொம்ப ஆழத்திலிருந்து... ஹாரன். ஒரே ஒரு தடவை.

“தோண்டும்மா! சீக்கிரம் தோண்டு!” என்று எல்லாரும் கத்தினார்கள்.

அக்கா மண்வெட்டியைத் தள்ளி வைத்தாள். நிதானமாக முட்டி போட்டு உட்கார்ந்தாள். இருப்பதிலேயே சின்ன பிரஷ்ஷை எடுத்தாள்.